டி டிரைவை விட்டுவிடு

புளியரைச் சாவடியில்
வைக்கோல் லாரிகள் வரிசை கட்டும் நேரம்.
உன் கணினிக்குத் தகுதி போதாதென்று
மூன்று மாதமாய்ச் சொன்ன விண்டோஸை
பென் டிரைவ் ஒன்றைச் செருகி
அனுப்பி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் அழிக்கவா? என்கிறது லினக்ஸ்.
சி-யை மட்டும், அய்யா.
டி-யில் ஷைலஜாவின் ஸ்கேன் படம் இருக்கிறது,
லோன் பாக்கிக் கணக்கும்.

என்ன மொழி?
தமிழைத் தொட்டேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து அவள்,
"மலையாளவும் உண்டல்லோ."

இரண்டும் இருக்கலாமாம்.
ஆல்ட் ஷிஃப்ட் அழுத்தினால் புனலூர்க்காரி,
இன்னொரு தரம் அழுத்தினால் நான்.

ஆரியங்காவு தாண்டிச்
சாரல் ஜன்னலுக்கு வந்துவிட்டது.
பிரிண்டர் மட்டும்
எங்கள் கல்யாணத்துக்கு வராத
பெரிய மாமன் போல
மூலையில் முறுக்கிக்கொண்டு.

வருவார்.
பேப்பர் வைத்திருக்கிறேன்.