மூன்றாவது சாவி

பெட்டிக்கு மூன்று பூட்டு.
சாவிகள் மூன்று வீடுகளில்.
பெட்டி நான்காவது வீட்டில்,
எனலேசியின் கட்டிலடியில்,
கோழி அடைகாக்கும் கூடைக்குப் பக்கத்தில்.
கணக்கு நோட்டு என்னிடம்.
எட்டாம் வகுப்புவரை போனவள் நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
மாவு மில்லின் பின்புறம் கூடுவோம்.
மில் ஓடினால் கடன் கேட்பவள்
கத்தித்தான் கேட்கவேண்டும்.
அதிலேயே பாதிப் பேருக்கு வெட்கம் போய்விட்டது.

பிந்தி வந்தால் ஐம்பது குவாச்சா.
கூட்டத்தில் தூங்கினால் ஐம்பது.
போன வாரக் கையிருப்பு எவ்வளவென்று கேட்டுச்
சொல்லத் தெரியாவிட்டால் நூறு.
எழுதத் தெரியாதவர்கள்
அந்தத் தொகையை வாரம் முழுக்க
வாயில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்,
தண்ணீருக்கு, விறகுக்கு, சோளத்தில் களை கொத்த:
நாற்பத்தோராயிரத்து இருநூறு
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
முதுகில் கட்டிய குழந்தைகள் சில
அதைக் கேட்டே தூங்குகின்றன.

ஏரி வற்றிய வருஷம் ஆரம்பித்தது இது.
படகுகள் வெடித்த சேற்றில் சாய்ந்து கிடந்தன.
மீன் விற்றுக்கொண்டிருந்த ஃபாலேசி
"சைக்கிள் வாங்கக் கடன் வேண்டும்,
ஆளேற்றி ஓட்டப்போகிறேன்" என்று கத்தியபோது
மில் நின்றிருந்தது.
எல்லோருக்கும் கேட்டது.
மில்காரன் சிரித்த சிரிப்பை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.

பின்சீட்டுக்கு அவளே பஞ்சு வைத்துத் தைத்தாள்.
முதல் வாரம் ஏறியது இரண்டே பயணிகள்:
ஒருவர் பாதிரியார்.
மற்றது ஆடு.
இப்போது வலி கண்டவர்கள்
அவளுக்குத்தான் ஆளனுப்புகிறார்கள்.
எந்தப் பள்ளம் எங்கே என்று
அவளுக்குத்தான் தெரியும், இருட்டிலும்.

மெலிஃபா மண்டாசி சுட வாங்கிய கடன்
மண்டாசி சுடவில்லை.
மகனுக்குக் காய்ச்சல். ஸோம்பா ஆஸ்பத்திரி. மூன்று இரவு.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
மாவு, எண்ணெய், சர்க்கரை என்று எழுதியிருந்தேன்.
அடித்துத் திருத்தவில்லை.
பையன் பிழைத்து வந்து
அந்த அடுப்புக்கே விறகு பொறுக்கினான்.
பதினொரு வாரம் தாமதம்.
அபராதம் வேண்டாம் என்றோம்.
"நான் என்ன உங்களிடம் பிச்சைக்கா வந்தேன்?"
என்று எண்ணி வைத்தாள்,
சில்லறையாக, எண்ணெய் வாசத்தோடு.

நகரத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார்.
கேள்வித்தாள் ஏழு பக்கம்.
"வீட்டில் முடிவெடுக்கும் உரிமை
கூடியதா, குறைந்ததா, அப்படியேவா?"
எனலேசி யோசித்தாள்.
"பெட்டி இருப்பது கட்டிலில் என் பக்கம்.
அவர் இப்போது இருமிவிட்டு உள்ளே வருகிறார்."
அலுவலரின் பேனா
மூன்று கட்டங்களுக்கும் மேலே
கொஞ்ச நேரம் நின்றது.

டிசம்பர். பங்கு பிரிக்கும் நாள்.
உரத்துக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு,
கூரைத் தகரத்துக்கு இவ்வளவு என்று
அவரவர் மனசுக்குள் செலவழித்தாயிற்று.
இரண்டு பூட்டு திறந்தது.
மூன்றாவது சாவிக்காரர் பிஸ்விக்,
எங்களில் ஒரே ஆண்,
சட்டைப்பையைத் தடவினார்,
கால்சட்டையைத் தடவினார்,
தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தார்.
காலையில் ஆற்றைக் கடக்கும்போது
இடுப்பளவு தண்ணீர்.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

ஃபாலேசி சைக்கிளை எடுத்தாள்.
சந்தையிலிருந்து ரம்பக்காரப் பையனை ஏற்றிக்கொண்டு
வெயில் சாயுமுன் வந்துவிட்டாள்.
அவன் அறுக்க அறுக்க
இரும்புத்தூள் என் நோட்டில் விழுந்தது.
இன்னும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால்
விரலில் ஒட்டும்.

அறுத்த கூலி ஆயிரத்து ஐந்நூறு.
"உனக்கு?" என்றேன், கேட்க வேண்டுமே என்று.
"போக நானூறு, வர எண்ணூறு.
வரும்போது பாரம் இருந்தது" என்றாள்.
எழுதிக்கொண்டேன்.

மூடி திறந்தது.
தொகையைப் படிக்க நான் வாயெடுப்பதற்குள்
இருபத்து மூன்று வாய் சொல்லிவிட்டது,
ஒன்று மட்டும் அறுநூறு கூடுதலாக.
அதற்கு அபராதம் நூறு.

சாவி தொலைத்தால் எவ்வளவு என்று
விதியில் இல்லை.
புதுப் பூட்டு வாங்கினோம்.
சாவி யாருக்கு என்று
சோளமணி போட்டு வாக்கெடுத்தோம்.
பிஸ்விக்குக்கே விழுந்தது, பதினெட்டு மணி.
இனி அந்த ஊரில் அவரைப்போல்
சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர் யார்?

கழுத்தில் கட்டிக்கொள்ள
மெலிஃபா கயிறு கொடுத்தாள்.
இருபது குவாச்சா.