ஒரே வரிசை

மயிலிட்டிக் காணி உறுதியை விரித்தேன்.
வெளிறிய புள்ளியொன்று
வடக்கெல்லை ஒழுங்கையைக் கடந்து
நாலு பரப்பு மூன்று குழிக்குள்
கேளாமல் நுழைந்தது.

புத்தகப்பேன். பூஞ்சணம் தின்னும்.
போன கிழமை பூவரசம் பட்டையில் பிடித்த
செட்டை வைத்த பட்டைப்பேனுக்குச் சொந்தம்;
ஆரபியின் சீப்புப் பல்லில் நெளிகிறதுக்கும்.

கம்பசில் நான் படிக்கையில்
தலைப்பேனுக்குத் தனி வரிசை.
இப்ப எல்லாம் ஒரே வரிசை:
கூட்டுத் தூசியில் பூஞ்சணம் பொறுக்கியதொன்று
ஒரு குளிருக்கு இறகுக்குள் ஒதுங்கியதாம்.
சூடு பிடித்துவிட்டது.
செட்டையை விட்டது, கண்ணைக் குறைத்தது,
பிறகு இரத்தம்.
இறங்கவேயில்லை.

எங்கட வளவுக்குள்ளும்
ஒதுங்க வந்தவர்கள் உண்டு.
முப்பது வருடம்.

"அம்மா, கடிக்குது" என்கிறாள் ஆரபி.
உறுதியைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறேன்,
புள்ளி உள்ளே.
அதாவது காணிக்குள் இருக்கட்டும்.