மிஷின் வந்த வருஷம்

ராமநாதபுரத்தில் தவணைக்கு எடுத்து
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான் தம்பி.
மரம் அறுக்கும் மிஷின். ஆரஞ்சு நிறம்.
மாரியூர் விலக்கில் இறங்கியதுமே
கூட்டம் கூடிவிட்டது.

"கையை வாங்கிரும்டா" என்றான் டீக்கடைக்காரன்.
"தொடையில பட்டா, சாயல்குடி போறதுக்குள்ள
ஆளு காலி" என்றார்
கப்பல் வேலையை விட்டு வந்திருந்த நாகூர்கனி.
அந்த வாரச் சந்தையிலேயே
தடித்த ஜீன்ஸ் பேண்ட் ஒன்று வாங்கினேன்,
பழசுதான், நூறு ரூபாய்.
வழிவிட்டானுக்கு இடுப்பில் நிற்கவில்லை.
கொச்சக்கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.

மிஷின் ஓடும்போது ஆடுகூட அண்டாது.
இருபதடி தள்ளித்தான் நாங்கள் கிளை கழிக்க வேண்டும்,
ஒரு எட்டு முன்னே வைத்தால் கத்துவான்.
சாயங்காலம் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு
சாக்கில் சுற்றி
பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்துவான்.
நாலு வருஷம். அவன்மேல் ஒரு கீறல் கிடையாது.

அதற்குள்

கரிமூட்டத்தின் மேலேறி
புகை கிளம்பிய ஓட்டையை மண்போட்டு அடைக்கப்போன
உமையணன் இடுப்புவரை உள்ளே இறங்கினான்.
தினமும் அவன் ஏறுகிற மூட்டம்தான் அது.
மிளகாய்க்கு மருந்தடித்த தர்மக்கனி
கடல்காற்று திரும்பியதைக் கவனிக்கவில்லை,
வாயில் வெற்றிலை வேறு.
டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்த பையன்,
அவன் பெயரைச் சொல்ல மாட்டேன்.
அவன் அம்மாவும் எங்களோடுதான் வேலைக்கு வருகிறாள்.

எனக்கு முள்.
ரப்பர் செருப்பைத் துளைத்து
பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்
நுனி முறிந்து நின்றுவிட்டது.
சீமைக்கருவேல முள்தானே என்று
எருக்கம்பால் வைத்துக்கொண்டு விறகு சுமந்தேன்.
பதினோராம் நாள் கால் கருத்தது.
ஆஸ்பத்திரியில் நோட்டை விரித்துக் கேட்டார்கள்,
"மிஷின் அறுத்துருச்சா?"
"முள்ளு" என்றேன்.
எழுத வந்த பேனாவுக்கு
மூடியைப் போட்டுவிட்டார்கள்.
இரண்டு விரல் போனது.

ஊரிடம் இருந்ததே கொஞ்சம் பயம்,
அத்தனையையும் மிஷினுக்குக் கொடுத்துவிட்டோம் போல.

நேற்று அவன் பேண்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.
உப்புக்காற்றில் விறைத்து
ஆள் நிற்கிற மாதிரி நின்றது கொடியில்.
இன்றைக்கு மிளகாய் பறிக்க
சேலைக்குள்ளே அதை நான் போட்டுக்கொண்டு போனேன்.
பாத்தி முழுக்கச் சிரிப்பு.

எனக்குக் கயிறு தேவைப்படவில்லை.