நோ-கோ

ஆடி முழுக்கக் காற்றின் மேல்தான் பழி.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்டு
மதுக்கரைத் தூசியை வாரிக்கொண்டு
ரேஞ்சின் மண்மேட்டில் மோதுகிற காற்று.

"காத்துங்க" என்பார் ஆர்மரர் சென்னியப்பன்.
ஆயுதப்படையில் இருபத்தெட்டு வருசம்.
"காத்துக்கு ஆரு என்னங்க பண்றது?"

ஐம்பது மீட்டரில் என் பத்துத் தோட்டாவும்
அட்டையில் ஏணி வைத்தன.
மேலே நாலு, கீழே ஆறு,
நடுவே படி இல்லை.

காற்று பக்கவாட்டில்தானே தள்ளும்?
மேலும் கீழுமாய்த் தூக்கிப் போட
அதுக்கென்ன சோலி?

நான் கணபதியில், பம்பு கம்பெனியில்,
வாரம் ஆறு நாள் துளைகளுக்குக் கேஜ் விடுகிறவள்.
கோ போகணும். நோ-கோ போகக் கூடாது.
போனால் சிவப்பு மை.
லேத் பட்டீஸ்வரன் நாலு நாள் முகம் பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை
போல்ட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு
அறைக்குள் கோ-வை வைத்தோம். மூடியது, சரி.
நோ-கோவை வைத்தோம்.
ஒரு விரல்தான்.
அலுங்காமல் குலுங்காமல் மூடிக்கொண்டது.

போகக் கூடாதது போய்விட்டது.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்தார்.
இன்னொரு தடவை வைத்தார்.

தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே
ஒரு தாள் கனத்துக்குக் கூடுதல் இடம்.
ஊசி குத்துகையில் சில தோட்டா முன்னால் நகரும்,
சிலது நகராது.
அரை அடி வாங்கியது சோம்பலாய்ப் போய்க் கீழே விழும்,
முழு அடி வாங்கியது மேலே.
அவ்வளவுதான் ஏணி.

எண்பது மைக்ரான் ஷிம்
கம்பெனி ஸ்கிராப் பெட்டியில் கிடைத்தது
(கேட்டில் காட்டிக் கையெழுத்துப் போட்டேன்).
போல்ட் தலைக்குப் பின்னால் அவர்தான் வைத்தார்.
ரெஜிஸ்டரில் பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'காற்' வரை எழுதி அடித்தார்.

கோ போனது.
நோ-கோ பாதியில் நின்றது, நல்ல பிள்ளையாக.

பத்துச் சுட்டேன்.
ஏணி இல்லை.
வலதுபக்கம், எட்டாம் வளையத்தில்,
கரண்டுக் கம்பியில் காக்கா உட்கார்ந்த மாதிரி
ஒரே வரிசை.
நடுப்புள்ளி வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"
அவர் சிரிக்கவில்லை.

வடக்குப் பார்த்த ரேஞ்ச்.
கொடிக்கம்பத்துச் சிவப்புத் துணி
மேற்கிலிருந்து கிழக்காக விறைத்து நின்றது.

"இது காத்துங்க" என்றேன்.

சைட்டை இடப்பக்கம் ரெண்டு கிளிக் திருப்பி
துணியைப் பார்த்தபடியே
அடுத்த தோட்டாவுக்குக் கை நீட்டினேன்.