முப்பத்தேழாவது வாரம்

ஆண்டுக்கு ஏழு நாள் எங்களுடையது.
மீதி முன்னூற்று ஐம்பத்தெட்டு நாளும்
யார் யாரோ அந்தக் கரண்டிகளால் சூப் குடித்தார்கள்.

டேட்டோனா கடற்கரை, ஆறாவது மாடி,
செப்டம்பரின் இரண்டாவது வாரம்.
புயல் காலம், அதனால்தான் மலிவு என்பது
கையெழுத்துப் போட்டுவிட்டு
காருக்கு நடந்தபோதுதான் உறைத்தது.
இலவசக் காலை உணவு என்று அழைத்திருந்தார்கள்.
ஒரு முட்டைக்கு நாலு மணி நேரப் பேச்சு.
நான் தின்ற முட்டைகளிலேயே விலை கூடியது அதுதான்:
பதினாலாயிரம் டாலர்.

ஓரின் போன பிறகும்
பராமரிப்புக் கட்டணம் போகவில்லை.
வருடத்துக்கு ஒரு பல் முளைத்தது அதற்கு.
சுப்பீரியர் ஏரி உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரியில்
விற்றுத் தொலைப்பது என்று
ஒரே ஒரு படிவம் நிரப்பினேன்.
வியாழக்கிழமை போன் வந்தது.

குரலுக்குப் பெயர் பிரெஸ்டன்.
வெந்நீரில் துவைத்து இஸ்திரி போட்ட குரல்.
"மிஸஸ் லிண்ட்க்விஸ்ட், வாங்க ஆள் தயார்.
மான்டெரேயில் ஒரு பல் மருத்துவர்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பேரமே இல்லை."
இருபத்திரண்டு வருடம்
ஊரே படுத்தெழுந்த கட்டிலுக்கு
எப்படி விலை ஏறும் என்று கேட்கத் தோன்றவில்லை.
பத்திரச் செலவு, முன்கூட்டியே:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து.
"விற்றதும் அப்படியே திரும்பி வரும்."
அனுப்பினேன்.

முப்பது வருடம் டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
மேட்டுத் தெருப் பனியில்
எந்தச் சக்கரம் வழுக்கப்போகிறது என்று
இடுப்பு முன்னாலேயே சொல்லும்.
போனில் இடுப்புக்கு வேலை இல்லை.

மறுபடி வந்தான். மெக்சிகோ வரியாம்,
மூவாயிரத்து இருநூறு, இன்றைக்குள்.
மருத்துவர் பொறுமை இழக்கிறாராம்.
நான் தயங்கியதும் தேனைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினான்:
"உங்கள் பால்கனியில் தெரிகிற கடல்,
அதற்காகத்தான் அவர் மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள்."

எங்கள் பால்கனியில் கடல் தெரியாது.
குப்பைத் தொட்டிகள் நான்கு தெரியும்.
மூச்சிரைக்கும் ஏசி இயந்திரங்கள்,
ஈரத் துண்டுகள் தொங்கும் கம்பி வேலி.
கடல் வேண்டுமென்றால் ஓரின்
நாற்காலியில் ஏறி, கழுத்தை இடப்பக்கம் ஒடித்து,
"ஆர்டிஸ், வந்து பார்,
ஒரு கைக்குட்டை அளவு நீலம்!" என்பார்.

அந்தக் கைக்குட்டைதான்
என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது.
விற்கிறவள் நான்.
காசு எந்தத் திசையில் நடக்க வேண்டும்?

"வாங்குகிறவர் தருவதில்
உன் கட்டணத்தைக் கழித்துக்கொள், பிரெஸ்டன்."
முடியாது, சட்டம் என்றான்.
"எந்தச் சட்டம்? எண் சொல், எழுதிக்கொள்கிறேன்."
பென்சிலைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தேன்.
ஊன்றிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும்
பெருத்துக்கொண்டே போயிற்று.

போன ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து
போனதுதான்.
அதை மீட்டுத் தருவதாக அடுத்த மாதம் வேறொரு குரல்,
நானூறு டாலர் முன்பணத்துக்கு.
ஓநாய் போன தடத்தில் நரி.
பெயர்கூடக் கேட்காமல் வைத்துவிட்டேன்.

மே மாதம் விடுதிக்கே எழுதினேன்:
கொடுத்தவர்களே எடுத்துக்கொள்ளுங்கள்.
மூன்று கடிதம், ஏழு வாரம்,
ஏப்பம் விட்டபடி முத்திரை குத்திய ஒரு நோட்டரி.
ஒரு சதம் தரவில்லை. ஒரு சதம் கேட்கவுமில்லை.
பதினாலாயிரத்தின் நிஜ விலை
அந்த மை காய்வதற்குள் தெரிந்துவிட்டது.

இன்னும் அழைக்கிறார்கள்.
பட்டியல் பழையது போலும், ஓரினைக் கேட்கிறார்கள்.
"அவர் ஒரு டாலர்கூடக் கட்டாமல்
முந்தியே வெளியேறிவிட்டார்" என்கிறேன்.

"எப்படி?" என்றான் நேற்று ஒரு பையன்,
நிஜமான ஆவலோடு.