வெட்டுத்துண்டு

நில அளவைப் பெடியன் விண்ணப்பத்தின் முதுகில்
ஒரே வரியில் எழுதித் தந்தான்:
ஐந்து எக்ஸ் சக மூன்று வை சமன் அறுபது.
"கம்பி இனி இந்தக் கோட்டிலதான் அக்கா.
மதகு பூச்சியம்.
கட்டத்துக்கு மூன்று எட்டு வையுங்கோ."

மல்லாகம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே
சாதாரண தரத்துக்குப் படித்த கணக்கு.
இருபத்தாறு வருடம் கழித்து
கட்டுவன் மதகில் நின்று அதையே செய்கிறேன்
கறண்ட் பில்லின் பின்பக்கத்தில்.

ஒழுங்கையால் கிழக்கே போகும்வரை
வடக்கென்று எனக்கு ஒன்றுமில்லை.
வை பூச்சியம்.
ஐந்து எக்ஸ் அறுபது; எக்ஸ் பன்னிரண்டு.
முப்பத்தாறு எட்டு நடந்தேன்.
சேலைக்கரை முழுக்க நாயுருவி.
அவ்விடத்தில் தடியொன்றில் சிவப்புத் துணி.
சரிதான்.

திரும்பி மதகுக்கு வந்து
கிழக்கை விட்டேன்.
மூன்று வை அறுபது; வை இருபது.
அறுபது எட்டு வடக்கே
அங்கேயும் சிவப்புத் துணி.

ஒன்றைக் கண்டுபிடிக்க
மற்றதை இல்லையென்று வைக்கவேண்டும்.
இதையா அன்றைக்கு
ஒன்றும் நினையாமல் கொப்பியில் எழுதினோம்?

துணிக்கும் துணிக்கும் இடையில் கயிறில்லை,
பற்றைதான். கணக்கால் உள்ளே போனேன்.
வீட்டு அத்திவாரம்: நாலு, ஐந்து.
இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து.
அறுபதுக்குள். எங்களுக்கு.
கறுத்தக்கொழும்பான்: எட்டு, ஒன்பது.
நாற்பதும் இருபத்தேழும். ஏழு கூடிப்போச்சு.
காய்க்கட்டும், ஆராவது தின்னட்டும்.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி:
'விடுவிக்கப்பட்ட பரப்பு'.
பன்னிரண்டை இருபதால் பெருக்கிப் பாதியாக்கி
எட்டை அடியாக்கி
இரண்டேகால் பரப்புச் சொச்சம் என்று நிரப்பினேன்.
உறுதியில் ஐந்து.

பிறகுதான் கிணறு.
ஒன்பது, ஐந்து.
நாற்பத்தைந்தும் பதினைந்தும்
அறுபது.

இன்னொருக்கால் கூட்டினேன்.
அறுபதேதான்.

கோட்டுக்கு நீளம் மட்டும், அகலம் கிடையாது
என்று படித்த ஞாபகம்.
முள்ளுக்கம்பிக்கு உண்டு. கட்டைக்கு உண்டு.
கட்டையைத் தண்ணிக்குள்ளா நடுவாங்கள்?

பெடியனுக்குக் கோல் எடுத்தேன்.
"கிணறு கோட்டிலேயே கிடக்குது தம்பி.
எந்தப் பக்கம்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் யாரோ ஃபைல் கேட்டார்கள்.
"உங்கட எட்டு கட்டையோ தெரியேல்ல அக்கா...
நாளைக்குத்தான் நாங்கள் வருவம்.
இன்னொருக்கால் அளந்து பாருங்கோவன்."

மதகிலிருந்து மறுபடி.
சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி
இம்முறை
எட்டைக் கொஞ்சம் அகட்டி வைக்கிறேன்.