பன்னிரண்டாவது நாற்காலி

செவ்வாய்க்கிழமை எட்வின் ஸ்பாரக் போனார்.
சனிக்கிழமை எங்கள் நானூறாவது ஆண்டு விழா.
நடுவே மூன்று நாள்.
மூன்று நாளும் லிங்கன்ஷயர் மழை.

ஆம்புரோஸ் தெட்கில், கம்பளி வணிகர்,
உயிலில் எழுதிவைத்தது இப்படி:
புனித லூக்கா திருநாளில்
பன்னிரண்டு ஏழைகள் ஒரே மேசையில் அமர வேண்டும்.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
குறைந்தால் நிலமும் குத்தகையும்
என் தம்பி மகனுக்குப் போகட்டும்.

தம்பி மகன் மண்ணாகி
முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது.
ஆனாலும் வார்டன் மிஸ் ஹெபிள்வைட்டுக்கு
உறக்கமில்லை.

செங்கல் வீடு பன்னிரண்டு, புகைபோக்கி பன்னிரண்டு,
நடுவே ஒரு புல்வெளி,
அதில் யாரும் நடப்பதில்லை.
விதி ஒன்றுமில்லை, நடப்பதில்லை, அவ்வளவுதான்.
நான் எட்டாம் எண்.
முப்பத்தோர் ஆண்டு பேருந்து நிலையத்தில் சீட்டு விற்றவள்.
ஐந்தில் வின்னிஃபிரெட். காது கேட்காது,
ஊர்வம்பு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.
பதினொன்றில் ஹோரஸ் டட்டில், கப்பல் சமையல்காரர்,
இரண்டு பேருக்கு சூப் வைக்க இன்னும் தெரியாது,
நாற்பது பேருக்குத்தான் வைப்பார்.
ஒன்பதில் எட்வின்.
விடியலில் ஐந்தே முக்காலுக்கு இருமுவார்.
பதினாறு வருடமாக நான்
கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததில்லை.

காத்திருப்போர் பட்டியலில் மூன்று பேர் உண்டு.
ஆனால் விண்ணப்பம், நற்சான்று,
இரண்டு அறங்காவலர் கையெழுத்து:
காகிதத்துக்குக் கால் முளைக்க இரண்டு மாதம் ஆகும்.

சனிக்கிழமை காலை
அவரைத் தொடர்ந்து பாய்லரும் போனது.

மேயர் சங்கிலி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.
பள்ளிப் பிள்ளைகள் ஊதுகுழலோடு
கூரைக்கடியில் ஒண்டி நின்றார்கள்.
ஆளுக்கொரு ரொட்டி, ஆளுக்கொரு புது நாணயம்.
புதிது இல்லை, வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தது,
தேய்த்தவள் நான்.
பதினோரு பேர் உட்கார்ந்தோம்.
வார்டன் காலி நாற்காலியைப் பார்த்த பார்வையில்
சூப் ஆறியது.

சமையலறைத் தொட்டிக்கடியிலிருந்து
இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.
பிளம்பர். பெயர் கெஸ்டூடிஸ், லிதுவேனியாக்காரன்,
முப்பத்து நாலு வயது.

"தம்பி," என்றார் ஹோரஸ் அந்தக் கால்களிடம்,
"உன் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?"
குழாய்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது:
"பூச்சியத்துக்குக் கீழே."
"அப்படியானால் கை கழுவிவிட்டு வா."

வந்தான். கழுவியும் போகாத கறுப்பு நகங்களோடு
எட்வினின் இடத்தில் அமர்ந்தான்.
அறங்காவலர் உயிலை வாசித்தார்.
நிறுவியவரின் ஆன்மாவுக்காக
எல்லோரும் முணுமுணுத்ததை
அவன் அவனுடைய மொழியில் முணுமுணுத்தான்.
ரொட்டியை இரு கையாலும் வாங்கி முகர்ந்து,
"எங்கள் ஊரில் கறுப்பாக இருக்கும்" என்றான்.
குறை சொல்லவில்லை.
வின்னிஃபிரெட் மட்டும் பலமாகக் கேட்டாள்,
எட்வின் எப்போது இத்தனை இளைத்தான் என்று.
யாரும் சிரிக்கவில்லை,
பிறகு எல்லோரும் சிரித்தோம்,
மேயரின் சங்கிலி குலுங்கியது.

"இங்கே குடிவர என்ன வேண்டும்?"
"அறுபது வயது. வருமானம் கொஞ்சம்.
வாய்ச்சண்டை கூடாது."
விரல்விட்டு எண்ணினான்.
"இருபத்தாறு வருடம். எனக்கு எழுதிவையுங்கள்."
வார்டன் சிரிக்காமல் எழுதிவைத்தார்.

திங்களன்று ரசீது வந்தது:
வால்வு ஒன்று. உழைப்பு இரண்டு மணி நேரம்.
அடியில் இன்னொரு வரி:
உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை.

இப்போது பாய்லர் ஓடுகிறது.
ஐந்தே முக்காலுக்கு
சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் சூடேறி
இரண்டு தரம் தட்டுகிறது.
ஒன்பதாம் எண்ணுக்கும் வெந்நீர் போகிறது,
திறக்க ஆள் இல்லை.
எழுந்து
என் கெட்டிலை அடுப்பில் வைக்கிறேன்.